வானநூல் வல்லுநர் வைணு பாப்பு

கமண்டல நாகநதியின் கரையில் அமைந்த ஆரணி நகரம் பட்டு நெசவுக்குப் பெயர்பெற்றது. நெய்து முடிந்த சேலை ஒன்றை அந்நகரத்து முதிய நெசவாளர் ஒருவரிடம் கொடுத்தால், அவர் அதனை விரித்துப் பார்ப்பார். கரையைத் தடவிப் பார்ப்பார். முந்தியைத் திருப்பிப் பார்ப்பார். பின்பு அச்சேலை நெய்யப்பட்ட வகையைத் தெளிவாகச் சொல்லிவிடுவார். அது நெய்யப்பட்ட தறியை அவர் கண்டதில்லை. நெய்தவரையும் அவர் அறியார். ஆயினும் பாவும் ஊடும் செல்லும் போக்கே அவருக்கு எல்லாவற்றையும் உணர்த்திவிடுகின்றது.

வானநூல் வல்லுநர் செய்யும் தொழிலும் ஏறக்குறைய இத்தகையதே. ஞாயிறும் அதனைச் சுற்றிவரும் கோள்களும் ஏறத்தாழ 460 கோடி ஆண்டுகளுக்கு முன்பே நெய்து முடிக்கப்பட்ட ஆடை போன்றவை. அவை உருவான காலத்தில் அருகிருந்து பார்த்தவர் எவரும் இலர். ஆனால், கோள்கள் யாவும் ஒரே திசையில் ஞாயிற்றைச் சுற்றுகின்றன; அவற்றின் பாதைகள் ஏறக்குறைய ஒரே தளத்தில் அமைந்துள்ளன. ஞாயிற்றுக்கு அண்மையில் உள்ளவை பாறையாலான சிறு கோள்கள். தொலைவில் உள்ளவை பெரிய கோள்கள். இந்த ஒழுங்கு, ஆடையில் காணும் இழைகளின் போக்கைப் போன்றது. இதனைக் கொண்டு ஆடை நெய்யப்பட்ட வகையை அறிய அறிஞர்கள் பன்னெடுங்காலமாக முயன்று வருகின்றனர்.

அம்முயற்சிக்கு வேண்டிய கருவிகளை நம் நாட்டில் நிறுவுவதற்குத் தம் வாழ்நாளை ஈந்தவர் ஒருவர் உண்டு. ஆரணியின் ஆற்றுக்குத் தாயகமாகிய சவ்வாது மலையிலேயே அவர் தமது வான் ஆய்வகத்தை அமைத்தார். அவரே வைணு பாப்பு ஆவார்.

பிறப்பும் இளமையும்

வைணு பாப்பு 1927ஆம் ஆண்டு ஆகத்துத் திங்கள் 10ஆம் நாள் சென்னையில் பிறந்தார். அவருடைய முன்னோர் கேரள நாட்டினர். தந்தையார் ஐதராபாத்தில் இருந்த நிசாமியா வான் ஆய்வகத்தில் பணியாற்றினார். ஆதலின் வைணு பாப்பு வளர்ந்ததும் கற்றதும் ஐதராபாத்திலேயே ஆகும். பிற சிறுவர்கள் பந்தும் பம்பரமும் கொண்டு விளையாடும் பருவத்தில், அவருக்குத் தொலைநோக்கியும் விண்மீன் படங்களும் அறிமுகமாயின. தந்தையார் இரவில் செய்யும் பணியை மைந்தர் அருகிருந்து கண்டார். வானத்தைப் பற்றிய ஆர்வம் அவர் உள்ளத்தில் அவ்வாறு வேரூன்றியது.

நிசாம் கல்லூரியில் பயின்ற காலத்தில் அவர் படிப்பில் மட்டுமன்றி விளையாட்டிலும் சொற்போரிலும் சிறந்து விளங்கினார். ஒளி கூடியும் குறைந்தும் மாறும் விண்மீன்கள் சில உண்டு. அவற்றைக் கூர்ந்து நோக்கிக் கட்டுரைகள் எழுதி, மாணவராய் இருந்தபோதே வெளியிட்டார். அக்காலத்தில் நம் நாட்டில் வானநூலை உயர்நிலையில் கற்பதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. ஐதராபாத்து அரசு அளித்த உதவித் தொகையைப் பெற்று, 1949ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டிலுள்ள ஹார்வர்டு பல்கலைக்கழகத்தை அடைந்தார்.

தீராத வினா

அவர் ஹார்வர்டை அடைந்தபோது, ஞாயிற்றுக் குடும்பம் தோன்றியது எவ்வாறு என்னும் வினாவுக்கு உறுதியான விடை கிடைத்திருக்கவில்லை. அவ்வினாவின் வரலாற்றை ஈண்டு ஒருவாறு அறிந்துகொள்வது நலம்.

செருமானிய அறிஞர் காண்ட் 1755ஆம் ஆண்டிலும், பிரெஞ்சுக் கணித மேதை இலாப்லாசு 1796ஆம் ஆண்டிலும் ஒரு கொள்கையை வெளியிட்டனர். தொடக்கத்தில் பரந்த வளியும் தூசும் கலந்த முகில் ஒன்று இருந்தது. அது சுழன்றவாறே சுருங்கித் தட்டையான வட்டாயிற்று. நடுவில் திரண்டது ஞாயிறாகவும், சுற்றிலும் எஞ்சியது கோள்களாகவும் மாறின. இதுவே அவர்கள் கருத்தின் சுருக்கம். கோள்கள் ஒரே திசையில் ஒரே தளத்தில் சுற்றுவதன் காரணத்தை இக்கொள்கை எளிதில் விளக்கியது.

ஆயினும் ஓர் இடையூறு தோன்றியது. கயிற்றில் கட்டிய கல்லைச் சுழற்றும்போது, கயிறு விரலில் சுற்றிக் குறுகக் குறுகக் கல் மேன்மேலும் விரைந்து சுழலுவதைக் காண்கிறோம். அவ்வாறே சுருங்கித் திரண்ட ஞாயிறும் மிக விரைவாகச் சுழல வேண்டும். ஆனால் ஞாயிறு தன்னைத்தானே ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 25 நாள்களை எடுத்துக்கொள்கிறது. ஞாயிற்றுக் குடும்பத்தின் பொருளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் ஞாயிற்றினிடமே உள்ளது. சுழற்சியின் பெரும்பங்கோ கோள்களிடம் உள்ளது. இம்முரண்பாட்டை இலாப்லாசின் கொள்கையால் விளக்க இயலவில்லை.

ஆகவே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேம்பர்லின், மோல்ட்டன், ஜீன்ஸ் முதலியோர் வேறொரு வழியை நாடினர். பிறிதொரு விண்மீன் ஞாயிற்றின் அருகே கடந்து சென்றது என்றும், அதன் ஈர்ப்பினால் ஞாயிற்றிலிருந்து இழுக்கப்பட்ட பொருளே கோள்களாயிற்று என்றும் அவர்கள் கருதினர். நம் நாட்டு அறிஞரும் இவ்வாராய்ச்சியில் பங்கு கொண்டனர். அலகாபாத்துப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அமிய சரண் பானர்ஜி, விம்மி ஒடுங்கும் இயல்புடைய விண்மீன் ஒன்றன் அருகே மற்றொரு விண்மீன் வந்ததனால் கோள்கள் பிறந்திருக்கலாம் என 1942ஆம் ஆண்டில் ஒரு கொள்கையை வகுத்தார். ஆனால் விண்மீனிலிருந்து பிரிந்த வெப்ப வளி திரண்டு கோளாகாது, சிதறிப் பரந்துவிடும் எனக் கணக்குகள் காட்டின. அறிஞர்கள் மீண்டும் முகிலின் பக்கமே திரும்பலாயினர்.

இக்கொள்கைகளுள் எது மெய், எது பொய் என்பதை எண்ணத்தினால் மட்டும் முடிவு செய்ய இயலாது. வானத்தை உற்று நோக்கிச் சான்று தேடல் வேண்டும். ஹார்வர்டில் வைணு பாப்புவின் ஆசிரியருள் ஒருவராகிய பார்ட் பாக் அத்தகைய சான்றைத் தேடி வந்தார். ஒளி மிக்க விண்முகில்களின் நடுவே சிறு சிறு கருந்திரள்கள் காணப்படுகின்றன. அவை விண்மீன்கள் உருவாகும் கருவறைகளாக இருக்கலாம் என்று அவர் 1947ஆம் ஆண்டில் எழுதியிருந்தார். அக்கருத்து அன்று கருத்தாகவே இருந்தது.

வால்மீன் கண்டது

ஹார்வர்டை அடைந்த சில மாதங்களில், வைணு பாப்புவுக்குப் பெரும்பேறு ஒன்று வாய்த்தது. 1949ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 2ஆம் நாள் இரவு வானத்தின் ஒரு பகுதியை அவர் ஒளிப்படம் எடுத்தார். அப்படத்தில் விண்மீன்களின் புள்ளிகளுக்கு இடையே, விண்மீன் அல்லாத மங்கிய தடம் ஒன்று காணப்பட்டது. அது புதிய வால்மீன் என்பது தெளிவாயிற்று. ஆசிரியர் பாக், உடன் பயின்ற நியூகர்க்கு ஆகியோர் பெயரும் சேர்ந்து அது பாப்பு–பாக்–நியூகர்க்கு வால்மீன் என வழங்கலாயிற்று. பசிபிக் வானநூற் கழகம் இக்கண்டுபிடிப்புக்காக அவருக்குப் பதக்கம் அளித்துச் சிறப்பித்தது. வால்மீனைக் கண்டபோது அவருக்கு வயது இருபத்தொன்று.

வால்மீன் தோன்றினால் தீங்கு நேரும் என மக்கள் அஞ்சிய காலமும் உண்டு. அறிஞர்களுக்கோ அது பழங்காலத்துப் புதையலாகும். 1950ஆம் ஆண்டில் ஹார்வர்டைச் சேர்ந்த விப்பிள், வால்மீனின் உட்கரு பனிக்கட்டியும் தூசும் கலந்த உருண்டை என விளக்கினார். அதே ஆண்டில் ஆலந்து நாட்டு அறிஞர் ஊர்ட், ஞாயிற்றுக் குடும்பத்தின் எல்லையில் எண்ணற்ற வால்மீன்கள் திரண்டுள்ளன எனக் கூறினார். கோள்கள் உருவானபோது எஞ்சிய பொருளே அவை. நெசவு முடிந்தபின் தறியடியில் கிடக்கும் நூல் துண்டுகள், சேலையில் செலுத்திய நூல் எத்தகையது என்பதைக் காட்டும் அல்லவா? அதுபோலவே வால்மீன்களும் பழைய முகிலின் இயல்பைக் காட்டி நிற்கின்றன. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு ஒரு முறையே ஞாயிற்றை அணுகும் அத்தகைய துண்டு ஒன்று, இந்திய மாணவர் ஒருவரின் கண்ணில் பட்டது.

1952ஆம் ஆண்டில் வைணு பாப்பு டாக்டர் பட்டம் பெற்றார். பின்பு கார்னகி நிறுவனத்தின் உதவியுடன் பாலோமர் மலைக்குச் சென்று ஆராய்ச்சி செய்தார். உலகின் மிகப் பெரிய தொலைநோக்கி அக்காலத்தில் அங்கேதான் இருந்தது. ஆலின் வில்சன் என்னும் அறிஞருடன் சேர்ந்து அவர் ஓர் அரிய உண்மையைக் கண்டார். விண்மீனின் ஒளியை நிறமாலையாகப் பிரித்தால், கால்சியத்தால் உண்டாகும் கோடு ஒன்று அதில் தோன்றும். குளிர்ந்த விண்மீன்களில் அக்கோட்டின் நடுவே ஒளிரும் பகுதியின் அகலத்துக்கும், அவ்விண்மீனின் உண்மையான ஒளித்திறனுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அகலத்தை அளந்தால் ஒளித்திறனை அறியலாம். ஒளித்திறனை அறிந்தால் தொலைவைக் கணக்கிடலாம். 1957ஆம் ஆண்டில் வெளியான இவ்வுண்மை வில்சன்–பாப்பு விளைவு என உலகெங்கும் வழங்குகின்றது.

தாய்நாடு திரும்புதல்

இத்துணைச் சிறப்புப் பெற்றவர் அமெரிக்காவிலேயே தங்கியிருப்பின், உலகின் சிறந்த கருவிகளைக் கொண்டு வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்திருக்கலாம். நம் நாட்டிலோ அக்காலத்தில் குறிப்பிடத்தக்க பெருந்தொலைநோக்கி இல்லை. பழைய கருவிகளும் சிறிய ஆய்வகங்களுமே இருந்தன. இதனை நன்கு அறிந்திருந்தும் வைணு பாப்பு 1953ஆம் ஆண்டில் தாய்நாடு திரும்பினார். பிறர் அமைத்த கருவியில் தாம் ஒருவர் ஆராய்வதினும், வருங்கால இளைஞர் பலர் ஆராய்வதற்கு இங்கே கருவிகளை அமைப்பதே தக்கது என்பது அவர் கொள்கையாயிற்று.

முதலில் உத்தரப் பிரதேச அரசின் வான் ஆய்வகத்தை வளர்க்கும் பொறுப்பை ஏற்றார். வாரணாசியில் தொடங்கிய அவ்வாய்வகம் அவர் காலத்தில் இமயமலைச் சாரலிலுள்ள நைனிதாலுக்கு மாற்றப்பட்டது. 1960ஆம் ஆண்டில் கோடைக்கானல் வான் ஆய்வகத்தின் இயக்குநரானார். கோடைக்கானல் ஆய்வகம் ஞாயிற்றை ஆராய்வதில் உலகப் புகழ் பெற்றது. ஆயினும் இரவு வானத்தை ஆராய்வதற்கு அம்மலை அத்துணை ஏற்றதன்று. முகில் சூழ்ந்த இரவுகள் அங்கு மிகுதி. தெளிந்த வானமும், நகரங்களின் ஒளி எட்டாத இருளும் உள்ள இடம் வேண்டும். தென்திசை விண்மீன்களும் நன்கு தெரியும்படி அது தெற்கே இருத்தல் வேண்டும்.

வைணு பாப்புவும் அவர்தம் குழுவினரும் தென்னாட்டு மலைகளில் அத்தகைய இடத்தைத் தேடினர். இறுதியில் சவ்வாது மலையிலுள்ள காவலூர் என்னும் சிற்றூரின் அருகே, கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில் உள்ள காட்டுப் பகுதியைத் தேர்ந்தெடுத்தனர். சந்தன மரங்களுக்குப் பெயர்பெற்ற அம்மலை, அதன்பின் விண்மீன் ஆராய்ச்சிக்கும் பெயர்பெறலாயிற்று.

காவலூர் ஆய்வகம்

காவலூரில் 1968ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட முதல் தொலைநோக்கி 38 செ.மீ. விட்டமுள்ள சிறு கருவியே. ஆனால் அது விலைக்கு வாங்கியதன்று. கோடைக்கானல் ஆய்வகத்தின் பட்டறையிலேயே உருவாக்கப்பட்டது. கருவி சிறிதாயினும் நம்மவர் கையால் செய்ததாதல் வேண்டும் என்பதில் வைணு பாப்பு உறுதியாக இருந்தார். செய்து பழகினாலன்றிப் பெரியதைச் செய்யும் துணிவு பிறவாது என்பதை அவர் அறிந்திருந்தார். 1971ஆம் ஆண்டில் கோடைக்கானல் ஆய்வகம் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் என்னும் தன்னாட்சி நிறுவனமாயிற்று. வைணு பாப்பு அதன் இயக்குநராகப் பொறுப்பேற்றார். அடுத்த ஆண்டில் செருமனி நாட்டில் செய்யப்பட்ட ஒரு மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி காவலூரில் நிறுவப்பட்டது.

அத்தொலைநோக்கி வந்த சில நாள்களிலேயே ஒரு வாய்ப்பு நேர்ந்தது. 1972ஆம் ஆண்டு சூன் திங்கள் 7ஆம் நாள் வியாழனின் துணைக்கோளாகிய கனிமீடு, விண்மீன் ஒன்றை மறைத்துச் சென்றது. வளி இல்லாத கோள் மறைத்தால் விண்மீனின் ஒளி சட்டென மறையும். வளி சூழ்ந்த கோள் மறைத்தால் ஒளி சிறிது சிறிதாக மங்கும். காவலூரில் செய்த அளவீடு, கனிமீடைச் சுற்றி வளி இருப்பதற்கான அறிகுறியைக் காட்டியது. பின்னர்ச் சென்ற விண்கலங்களின் அளவீடுகள், அவ்வளி முதலில் கருதியதினும் மிகமிக மெல்லியது எனத் தெளிவாக்கின. ஓர் அளவீட்டை மற்றோர் அளவீடு திருத்துவது அறிவியலில் இழுக்கன்று. அதுவே அது வளரும் முறையாகும்.

1977ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 10ஆம் நாள் இவ்வகை நிகழ்ச்சி மீண்டும் வந்தது. இம்முறை யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைக்கவிருந்தது. கோள் விண்மீனை அணுகுமுன்பே விண்மீனின் ஒளி சிறிது நேரம் மங்கி மீண்டது. வானூர்தியில் தொலைநோக்கியைப் பொருத்தி இந்துமாக்கடலின் மேல் பறந்த அமெரிக்க அறிஞரும், காவலூரில் விழித்திருந்த நம் அறிஞரும் இதனைக் கண்டனர். யுரேனஸைச் சுற்றி மெல்லிய வளையங்கள் உள்ளன என்பது இவ்வாறு புலனாயிற்று. அதுவரை வளையமுடைய கோள் சனி ஒன்றே என உலகம் எண்ணியிருந்தது. கோளைச் சுற்றித் தட்டையாகச் சுழலும் துகள் வட்டம், ஞாயிற்றைச் சுற்றி முன்னாளில் சுழன்ற முகில்வட்டத்தின் சிறு உருவம் போன்றது. ஆதலால் கோள்களின் தோற்றத்தை ஆராய்வோருக்கும் வளையங்கள் பெரிதும் பயன்படுவன.

முடியாத பணி

இச்சிறப்புகளால் வைணு பாப்பு மன நிறைவு அடைந்துவிடவில்லை. இரண்டேகால் மீட்டருக்கு மேற்பட்ட விட்டமுடைய பெருந்தொலைநோக்கி ஒன்றை நம் நாட்டிலேயே செய்து காவலூரில் நிறுவவேண்டும் என்பது அவர் நெடுநாளைய கனவு. அதன் கண்ணாடியின் விட்டம் 234 செ.மீ. அத்துணைப் பெரிய கண்ணாடியைத் தேய்த்து மெருகிடும் பணி எளிதன்று. மயிரிழையினும் பன்மடங்கு நுண்ணிய பிழை நேரினும் விண்மீனின் உருவம் சிதைந்துவிடும். அப்பணியைப் பெங்களூரில் இருந்த நிறுவனத்தின் கூடத்தில் நம்மவர்களே ஏற்றுச் செய்தனர். தொலைநோக்கியைத் தாங்கும் பொறிகளும் நம் நாட்டுத் தொழிற்சாலையிலேயே உருவாயின.

இதனிடையே உலக அறிஞர்கள் அவரைப் பெருமைப்படுத்தினர். 1979ஆம் ஆண்டில் அனைத்துலக வானநூற் கழகத்தின் தலைவராக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்பதவியை அடைந்த முதல் இந்தியர் அவரே. 1981ஆம் ஆண்டில் இந்திய அரசு பத்மபூசண் விருது அளித்தது.

1982ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் அக்கழகத்தின் பேரவை கிரேக்க நாட்டில் கூடியது. தலைவராகிய வைணு பாப்பு அங்கே வீற்றிருக்க வேண்டியவர். ஆனால் இதயநோய் அவரை வாட்டியது. செருமனியின் மியூனிக்கு நகரில் அறுவை மருத்துவம் செய்துகொண்ட அவர், ஆகத்து 19ஆம் நாள் இயற்கை எய்தினார். உலக வானநூல் அறிஞர் ஒருங்கு கூடியிருந்த வேளையில் அவர்தம் தலைவரின் மறைவுச் செய்தி வந்தது. அப்போது அவருக்கு வயது ஐம்பத்தைந்தே. பெருந்தொலைநோக்கி முடியவில்லை. தாம் கருவாக்கி வளர்த்த கருவியின் வழியே ஒரு விண்மீனையேனும் காணும் பேறு அவருக்குக் கிட்டவில்லை.

ஆயினும் பணி நின்றுவிடவில்லை. அவரால் பயிற்றப்பட்டவர்கள் அதனைத் தொடர்ந்தனர். 1986ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 6ஆம் நாள் தலைமையமைச்சர் இராசீவ் காந்தி அத்தொலைநோக்கியை நாட்டுக்கு உரிமையாக்கினார். அது வைணு பாப்பு தொலைநோக்கி என்றும், ஆய்வகம் வைணு பாப்பு வான் ஆய்வகம் என்றும் பெயர் பெற்றன. 1988ஆம் ஆண்டில் காவலூரில் சிறுகோள் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குக் கணித மேதை இராமானுசன் பெயர் இடப்பட்டது. வைணு பாப்புவின் பெயரைத் தாங்கிய சிறுகோள் ஒன்றும் ஞாயிற்றைச் சுற்றி வருகின்றது.

அவர் இளமையில் கேட்ட வினாவும் பின்பு படிப்படியாகத் தெளிவு பெற்றது. 1984ஆம் ஆண்டில், வேறொரு விண்மீனைச் சுற்றித் தூசு வட்டம் இருப்பதை அறிஞர்கள் படம் பிடித்தனர். ஆசிரியர் பாக் கூறிய கருந்திரள்களின் உள்ளே விண்மீன்கள் உருவாகின்றன என்பது 1990ஆம் ஆண்டில் உறுதியாயிற்று. 1995ஆம் ஆண்டில் ஞாயிற்றைப் போன்ற மற்றொரு விண்மீனைச் சுற்றும் கோள் கண்டுபிடிக்கப்பட்டது. சுழலும் முகிலினின்று ஞாயிறும், அதனைச் சூழ்ந்த வட்டினின்று கோள்களும் தோன்றின என்னும் கருத்து இவ்வாறு வலிமை பெற்றது. ஞாயிற்றின் சுழற்சி குறைந்ததற்கு அதன் காந்தப்புலமும், அதிலிருந்து வீசும் துகட்காற்றும் காரணம் என்பதும் விளங்கியது.

ஒரு பட்டுச் சேலையை நெய்வதற்குப் பலர் கை கூட வேண்டும். நூல் முறுக்குவோர் ஒருவர். சாயம் ஏற்றுவோர் ஒருவர். பாவு ஓட்டுவோர் ஒருவர். தறியில் அமர்வோர் ஒருவர். பாவு ஓட்டியவர் முடிந்த சேலையைக் காணாமலும் போகலாம். எனினும் அவர் இட்ட பாவின்றிச் சேலை இல்லை. நம் நாட்டு வானநூலுக்குப் பாவு ஓட்டியவர் வைணு பாப்பு. தெளிந்த இரவுகளில் சவ்வாது மலையின்மேல் காவலூர்த் தொலைநோக்கியின் கூடு திறக்கும்போதெல்லாம், அவர் தொடங்கிய நெசவு தொடர்ந்து நடைபெறுகின்றது. பயனைத் தாம் காணாவிடினும் பின்வருவோர் காண்பர் என்னும் நம்பிக்கையுடன் உழைப்பதே உயர்ந்த தொண்டாகும் என்பதை அவர் வாழ்க்கை நமக்கு உணர்த்துகின்றது.